உப்பு: விருப்பத்துக்கேற்ப

2000 செப்டம்பரில் மத்திய அரசுக்குத் திடீரென்று ஜனநாயகப் பற்று பொங்கி வழிந்தது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடையைத் தூக்கிவிட்டது. உடல்நல விஷயத்தில் மக்களைக் கட்டாயப்படுத்தலாகாதாம், அவரவர் விருப்பமாம். என்ன பெருந்தன்மை! பத்து வாரக் கருவிடம் போய் விருப்பம் கேட்டு வந்தவர் யார் என்றுதான் தெரியவில்லை. அதற்கு இன்னும் தைராய்டு சுரக்கவே தொடங்கியிருக்காது. மூளை வளர அம்மாவின் தைராய்டு ஹார்மோனே கதி, அது சுரக்க அயோடின் வேண்டும்.

உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைகிறது என்பதை 1956-இல் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியின் குழு இமயமலை அடிவாரத்தில் தொடங்கிய காங்ரா பள்ளத்தாக்கு ஆய்வே காட்டிவிட்டது. அது தெரிந்தும் தடையை எடுத்தார்கள். திரும்பக் கொண்டுவர 2006 மே ஆனது. இடையில் கருவானவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கருவாகியிருக்கலாம், அவர்கள் தப்பு.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற பெரியவர்களுக்கு 150 போதும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்கு அயோடின் வர வேறு வழி கிடையாது. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, அயோடின் இல்லை. அதை உப்பு பார்த்துக்கொள்ளுமாம்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இது: குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் நாம். 2018-19-இல் நாடு முழுக்க வீட்டு உப்பைச் சோதித்தார்கள். போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். நாட்டிலேயே கடைசி. தூத்துக்குடியை வைத்துக்கொண்டு இந்தப் பெருமையைச் சம்பாதிக்கத் தனித் திறமை வேண்டும்.

திறமைசாலிகள் இருக்கிறார்கள். மூட்டையில் 'தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சடித்து, அயோடின் சேர்க்காத கல்லுப்பாக மளிகைக்கடைக்கு அனுப்புவார்கள். எந்தத் தொழிற்சாலை? சாம்பார் தொழிற்சாலைதான், சந்தேகமென்ன. கிலோவுக்குச் சில பைசா மிச்சம்! அடுத்த வரிசையில் யூடியூப் வைத்தியர்கள். அயோடின் ரசாயனமாம், இந்துப்பு இயற்கையாம். ஐயா, உங்கள் கழுத்துச் சுரப்பியும் அந்த ரசாயனத்தில்தான் ஓடுகிறது. பல மடங்கு விலைக்கு நீங்கள் விற்கும் ரோஜா நிற உப்பில் எல்லாத் தாதுவும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கர்ப்பிணிக்கு வேண்டிய அந்த ஒன்று மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, 'வீட்டில் கவனிப்பதே இல்லையா?' என்று கேட்க ஆள் இருக்கிறது. மூட்டைக்காரரை வரவழைக்கத்தான் ஆளில்லை.