விதி 110: போனக்காட்டிலிருந்து ஒரு மனு

மாண்புமிகு தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர் சமூகத்திற்கு,

அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் போனக்காட்டில், தேயிலைத் தோட்டத்து லயமொன்றில் குடியிருக்கும் மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

மனுதாரர் தமிழர், ஓட்டு மட்டும் கேரளத்து அருவிக்கரைத் தொகுதியில். தோட்டத்து ஃபேக்டரி ஓடாமல் வருடங்கள் ஆகின்றன. சம்பளப் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி, ஒழுகும் கூரை என அவரிடம் கேள்விகள் ஏராளம், பதில்தான் இல்லை. மலைக்கு அந்தப்புறத்துப் பேரவையிலோ பதில்கள் தாமாகவே வந்து விழுகின்றன, கேள்விக்கு அனுமதி இல்லை. அந்த ஏற்பாட்டுக்கு விதி 110 என்று பெயராம். முதல்வர் எழுந்து அறிவிப்பார். அதன்மேல் விவாதம் கிடையாது. மேசை தட்டத் தடையில்லை.

2011 முதல் 2016 வரை ஜெயலலிதா இந்த விதியின்கீழ்த் திட்டங்களை வரிசையாக அறிவித்தார். வெளியே நின்று கேட்டவர்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது: அதே ஐந்தாண்டில் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள். 2016-ல் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலத்தின்மேலும் முதல்வர் படம் ஏறியது. அம்மா உணவகத்து 1 ரூபாய் இட்லியை மனுதாரர் குறைசொல்லவில்லை. பசித்தவருக்கு அது இட்லிதான். இட்லி போட்ட கை வாயையும் பொத்த வேண்டுமா என்பதே அவருடைய சந்தேகம்.

எதிர்வரிசையில் இருந்தபோது இந்த விதியைக் குறைகூறிய திமுகவுக்கும், ஆட்சிக்கு வந்ததும் அது இனித்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று மு.க. ஸ்டாலின் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு 317 கோடி ரூபாயும் 7,469 புது வீடுகளும் அறிவித்தது இதே 110-ல்தான். நல்ல காரியம். முதல் வீடு எந்த முகாமில், எப்போது, மழைக்கு முன்பா பின்பா என்று அந்த நிமிடத்தில் எவரும் எழுந்து கேட்க முடியாது. லயத்துக்காரருக்கோ இந்தக் கேள்விகள் மனப்பாடம்.

சொந்த மாநிலத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு கையால் கோவிட் கால உணவுக் கிட் கொடுத்த கேரள அரசு, 2020 நவம்பரில் மறு கையால் போலீஸ் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்த்தது: அவதூறுப் பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. ஹங்கேரிப் பிரதமராக இருந்த ஓர்பான் 2014-லேயே தாம் கட்டுவது தாராளவாதமற்ற அரசு என்று ஒளிக்காமல் சொன்னார். நம்மவர்களுக்கு அந்த வெள்ளைமனம் வாய்க்கவில்லை.

ஆகவே, 110 அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் பிறகு அரைமணி நேரம் கேள்விக்கு ஒதுக்குமாறு வேண்டப்படுகிறது. உறுப்பினர்கள் கூச்சப்பட்டால் போனக்காட்டிலிருந்து கேள்விகள் அனுப்பப்படும். தபால் செலவு மட்டும் பேரவைச் செயலகத்துடையது.

இப்படிக்கு,
மனுதாரர்

(பெயர் எழுதவில்லை. வழக்குப் போடுவதானால் எந்த மாநிலத்தில் போடுவார்கள் என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறார்.)