உறைமேல் உறை

ரெட்டியார்பாளையத்தின் குறுக்குத் தெருக்களில் கார் நிறுத்தப்படும் முறையை ஆராய்வோர் முதலில் கவனிக்க வேண்டியது, அங்கே கார் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதாகும். இந்திரா காந்தி சதுக்கத்துக்கு மேற்கே, விழுப்புரம் சாலையின் இருபுறமும் மூலகுளம்வரை நீளும் இப்பகுதியில், வீடு கட்டும்போது காருக்கென்று விடப்பட்ட முன்வாசல் நாளடைவில் ஒரு ஜெராக்ஸ் கடையாகவோ வாடகை அறையாகவோ மாடிக்குச் செல்லும் தனிப் படியாகவோ மாறிவிடுவதால், கார் தெருவுக்கு வந்து வாய்க்காலை ஒட்டி நிற்கிறது. தெருவுக்கு வந்த காரின்மேல் வெயில் படக்கூடாது என்பதால் சுவரிலிருந்து ஒரு துணி நீட்டப்படுகிறது. அந்தத் துணி நனையக்கூடாது என்பதால் அதன்மேல் ஒரு படுதா கட்டப்படுகிறது. இக்கட்டுரை அந்தத் துணியையும் படுதாவையும் பற்றியது. அவற்றில் தேங்கும் மழைநீர் எந்த வீட்டுக்கு உரியது என்னும் வினாவுக்கும் இறுதியில் விடை கூறப்படும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டபடியால் அவ்வினா சற்று அவசரமானதும்கூட.

ஆனிங் என்று கடைக்காரர்களும் ஷேடு என்று வீட்டுக்காரர்களும் குறிப்பிடும் இச்சாதனம், சுவரில் பொருத்திய உருளையொன்றில் சுற்றப்பட்ட துணியையும், நடுவில் மடங்கி நீளும் இரண்டு அலுமினியக் கைகளையும் கொண்டது. கைகளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் துணியை எப்போதும் வெளியே தள்ளி விறைப்பாக வைத்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினாலோ, உருளைக்குள் மோட்டார் இருந்து ரிமோட்டை அழுத்தினாலோ, துணி சுருண்டு சுவரோடு சேரும். உயர்ந்த வகையில் அக்ரிலிக் துணி, அதாவது நூலாவதற்கு முன்பே சாயம் ஏற்றப்பட்ட செயற்கை இழை, பயன்படுகிறது. மலிவான வகையில் பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர். முன்விளிம்பில் தொங்கும் ஜாலருக்குச் சொல்லத்தக்க பயன் ஏதும் இல்லையென்றாலும், அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் குடும்பம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுகிறது. விரிந்த நிலையில் துணியின் எடையும் காற்றின் விசையும் சேர்ந்து சுவரிலிருந்து போல்ட்டைப் பிடுங்கப் பார்க்குமாதலால், இதைச் செங்கல் சுவரில் அன்றிக் கான்கிரீட் பீமில் பொருத்துவதே முறை. பீம் எங்கே இருக்கிறது என்று பொருத்த வந்தவர் கேட்பார்; வீட்டுக்காரர் மிகுந்த உறுதியோடு ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுவார்; டிரில்லிங் மெஷினிலிருந்து சிவப்புப் பொடி கொட்டும். சிவப்புப் பொடி செங்கலுக்கும் சாம்பல் நிறப் பொடி கான்கிரீட்டுக்கும் அடையாளம் என்பதைத் தெருவே அறியும். எனினும் வீட்டுக்காரர், "பரவாயில்லை தம்பி, ஸ்ட்ராங்கான செங்கல்தான்" என்று சொல்லி வேலையைத் தொடரச் செய்வார்.

இத்தகைய மறைப்புகள் ரெட்டியார்பாளையத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்கர்கள் ஓட்டிச்செல்லும் சக்கர வீடுகளில், வண்டியை நிறுத்தியபின் பக்கச்சுவரோடு வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும் ஒரு பகுதி உண்டு. இந்தியானா மாநிலத்து நியூமார் நிறுவனம் 1990-இல் அதை அறிமுகப்படுத்தியது. நீண்ட பகுதியின் கூரையில் சருகும் தண்ணீரும் சேராமலிருக்க அதன்மேல் தானாக விரியும் ஒரு துணி வந்தது. துணியில் தண்ணீர் தேங்கியபோது, நடுவில் மேடாகும்படி அதன் அடியில் காற்றடைத்த பந்தை வைப்போரும் தோன்றினர். கூரைக்குத் துணி, துணிக்குப் பந்து என்ற அளவில் அவர்களும் நம்மவர்தாம். ஆயினும் அவர்கள் அந்த வீட்டையே ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்; ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கு அந்த வசதி இல்லை, அண்டை வீட்டாருக்கும் அந்த நிம்மதி இல்லை.

உறைகளின் அடுக்கு முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயனுள்ளது. கார் வாங்கிய நாளில் இருக்கையின்மேல் இருந்த பாலிதீன் தாள் அப்படியே விடப்படுகிறது. அதன்மேல் சீட் கவர் தைத்துப் போடப்படுகிறது. சீட் கவர் அழுக்காகக் கூடாது என்பதற்காக அதன்மேல் டர்க்கி டவல் விரிக்கப்படுகிறது. ஸ்டியரிங்குக்கு ஓர் உறை, கியர் குமிழுக்கு ஓர் உறை. வெளியே வெள்ளி நிறத்தில் காருக்கு முழு உடல் உறை. அது காற்றில் பறக்காதிருக்க வயிற்றின் கீழே ஒரு நாடா. அதற்கு மேலே ஆனிங். ஆனிங் சுருண்ட நிலையில் அடங்குவதற்குக் கேசட் எனப்படும் அலுமினியப் பெட்டி ஒன்று உண்டு. இது துணியை மழையிலிருந்து காப்பதற்காகவே செய்யப்பட்டது. எனினும் அலுமினியம் மங்கிவிடும் என்று அதன்மேல் நீலப் படுதா. நீலப் படுதா ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் நூல்நூலாகப் பிரியும் என்பதால் அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர். அச்சிட்ட பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு அதை விரிப்பதே வழக்கமாதலால், படுதா கிழிந்த இடத்தில் அண்ணாந்து பார்ப்பவர்க்கு ஏதோவோர் அணிச் செயலாளரின் கூப்பிய கைகளும் கைக்கடிகாரமும் மட்டும் தெரியும். பேனர் பறக்காதிருக்க அதன்மேல் செங்கற்கள். செங்கல்லின் முனை பேனரைக் கிழிக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு செங்கல்லும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இட்டு முடியப்படுகிறது. இந்த இடத்தில் ஆய்வாளர் சிறிது மூச்சுவிட்டு வீட்டுக்குள் நுழைவாராயின், ரிமோட் பாலிதீனில் இருப்பதையும், ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குப் பூப்போட்ட உறையும் தலைக்குப் பை தைத்த துணியும் இருப்பதையும், வாஷிங் மெஷின் ஜிப் வைத்த அங்கி அணிந்திருப்பதையும், மிக்ஸி ஒரு பழைய தலையணை உறைக்குள் ஒளிந்திருப்பதையும், சோபாவின்மேல் சோபா உறையும் அதன்மேல் போர்வையும் கிடப்பதையும், விருந்தினர் வரும்போது போர்வை மட்டும் எடுக்கப்பட்டு அவர் போனதும் மீண்டும் விரிக்கப்படுவதையும் காண்பார். மெத்தை பாலிதீனோடுதான் கட்டிலில் ஏறியது. புரண்டு படுத்தால் அது இன்றும் சத்தம் போடுகிறது. செல்பேசிக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு மூடி வைத்த பவுச், பவுச்சுக்கு ஒரு சிறு பை. வீட்டின் இளைய பிள்ளைக்குக் காரின் நிறம் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே தெரியும். அப்புத்தகமோ லேமினேட் செய்யப்பட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து பீரோவில் பூட்டப்பட்டிருக்கிறது. பீரோவுக்கு முன்னே ஒரு திரைச்சீலையும் தொங்குகிறது. இக்கட்டுரையை எழுதுபவரின் வீட்டிலும் கணினியின் விசைப்பலகைக்கு ரப்பர் உறை உண்டு. அதன் வழியே ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரிவதால், எழுத்துப் பிழை இருப்பின் வாசகர் அதை உறையின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இந்தப் பற்று புதுச்சேரிக்கு எப்போதும் இருந்தது என்று சொல்ல இயலாது. நகரின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற இடங்களில், தெருவை நோக்கித் திண்ணையும், அதற்கு முன்னே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவான தாழ்வாரமும் வைத்து வீடு கட்டினர். அது வழிப்போக்கருக்கும் நிழல் தந்தது. அவ்வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதும் கிடைத்தது. அந்த ஓட்டுக்கு ஓர் உறை தைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

ரோமானியரிடமிருந்து இப்பழக்கம் வந்திருக்கலாம் என்று கருதவும் இடமுண்டு, அவர்களுடைய மட்பாண்டங்கள் ரெட்டியார்பாளையத்துக்குத் தொலைவில்லாத அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தபடியால். ரோம் நகரத்துக் கொலோசியத்தில் வேலாரியம் என்ற பெருந்துணி மறைப்பைக் கயிறுகளால் விரித்துச் சுருட்டக் கடற்படை மாலுமிகள் அமர்த்தப்பட்டனர். நாடக அரங்குகளின் மேல் கட்டிய வண்ணத்துணி கீழே அமர்ந்திருப்போர் முகத்திலும் தன் நிறத்தைப் பூசியதைக் கவிஞர் லுக்ரீஷியஸ் எழுதியிருக்கிறார். நீலப் படுதாவுக்கு அடியில் காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுவோரைப் பார்த்தவர்கள் அதை உடனே ஒப்புக்கொள்வார்கள், அங்கே தக்காளியும் கத்தரிக்காயும் ஒரே நிறம். பேரரசன் கலிகுலா, வெயில் உச்சியில் இருக்கும்போது மறைப்பைச் சுருட்டச் சொல்லிவிட்டு, மக்கள் யாரும் எழுந்து போகக்கூடாது என்று ஆணையிட்டதாக சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார். துணி வெளுத்துவிடும் என்று பங்குனி, சித்திரை முழுவதும் ஆனிங்கைச் சுருட்டியே வைத்திருப்போர் உள்ள தெருவில் இச்செய்தி கொடுங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாகப் படாது, சிக்கனமாகவே படும்.

தொழில்நுட்ப நோக்கில் இரண்டு செய்திகள் போதும். முதலாவது காற்று: இவ்வகை மறைப்புகளுக்கான ஐரோப்பியத் தரநிலையில் 2-ஆம் வகுப்பு என்பது, மணிக்கு ஏறத்தாழ 38 கி.மீ. வரையிலான காற்றை மட்டும் தாங்குவதைக் குறிக்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் காற்று 70 கி.மீ.க்கு மேல் வீசியது. இரண்டாவது சரிவு: தண்ணீர் தேங்காமல் வழிய 14 பாகை சரிவு வேண்டும், அதாவது துணி 3 மீட்டர் நீண்டால் முன்விளிம்பு முக்கால் மீட்டர் தாழ வேண்டும். அவ்வளவு தாழ்த்தினால் குப்பை வண்டி இடிக்கும் என்று இங்கே துணி கிடைமட்டமாகவே கட்டப்படுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் ஆதலால், 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள மறைப்பில் ஒரு செ.மீ. மழைக்கே 120 லிட்டர் இறங்கும். ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 46 செ.மீ.க்குக் குறையாமல் பெய்தது. அத்தனையும் நின்றிருந்தால் 5,500 லிட்டருக்கு மேல், அதாவது மாடியிலுள்ள ஆயிரம் லிட்டர் தொட்டிகள் ஐந்தரை. நல்லவேளையாக அத்தனையும் நிற்பதில்லை. நிற்பது நடுவில் தொங்கும் தொப்பை மட்டுமே.

அந்தத் தொப்பையே இப்போதைய சிக்கல். விடியற்காலையில், பால் பாக்கெட் வந்து விழும் நேரத்தில், வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒட்டடைக் கம்போடு வெளியே வந்து, படுதாவின் அடிவயிற்றில் குத்தி மேலே தூக்குகிறார். சருகு, காக்கை எச்சம், ஊறிய முருங்கைப்பூ ஆகியவற்றோடு நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக அடுத்த வீட்டு வாசலில், அப்போதுதான் போட்ட கோலத்தின்மேல் இறங்குகிறது. "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி விடக்கூடாதா?" என்று கேட்டால், "அந்தப் பக்கம் கார் நிக்குது சார்" என்ற விடை கிடைக்கிறது. இரவிலோ படுதாவின் கட்டாத மூலை ஒன்று காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. தூக்கம் வராதவர் எழுந்து சன்னலை மூடினால், சத்தம் நிற்பதில்லை, புழுக்கம் மட்டும் கூடுகிறது. காற்று ஓய்ந்த இரவுகளில் ஃபிளெக்ஸிலிருந்து சொட்டும் நீர் வெள்ளி உறையின்மேல் விழும் ஓசை, அதற்குரிய ஒழுங்கோடு, பொழுது விடியும்வரை கேட்கிறது.

தண்ணீர் எந்த வீட்டுக்கு உரியது என்ற வினாவுக்கு வருவோமாயின், அதற்கு முன் கயிற்றின் செய்தியைத் தீர்க்க வேண்டியுள்ளது. படுதாவுக்கு நான்கு மூலைகள். ஒன்று மாடிக் கைப்பிடியிலும், ஒன்று மின்கம்பத்திலும் கட்டப்பட்டுள்ளன. மூன்றாவதைக் கட்ட இடம் கிடைக்காமல் அது மேற்கூறியவாறு படபடக்கிறது. நான்காவது, எவரையும் கேளாமல், இக்கட்டுரையை எழுதுபவருடைய வீட்டு இரும்புக் கதவின் கம்பியில் கட்டப்பட்டுவிட்டது. இதனால் கதவு பாதிதான் திறக்கிறது. சிலிண்டர் கொண்டுவருபவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. அவிழ்க்கச் சொன்னதற்கு, நைலான் முடிச்சு நனைந்து இறுகிவிட்டதென்றும், இனி அறுக்கத்தான் வேண்டுமென்றும், அறுத்தால் புதுக்கயிற்றின் விலையைக் கதவுக்கு உரியவரே கொடுப்பதுதான் நியாயமென்றும் எதிர்த்தரப்பு கருதுகிறது. கயிறு கதவின் பெயின்ட்டை உரிக்கிறதே என்று கேட்டதற்கு, கம்பியைச் சுற்றி ஒரு துணி உறை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.