மொய் நோட்டும் ஒட்டு வேலையும்

வாய்யா பேராண்டி, கம்ப்யூட்டர் சிங்கமே! அக்கா கல்யாணத்து மொய் நோட்டை எக்ஸெல்ல ஏத்துறேன்னு முந்தாநாள் உக்காந்தவன், இன்னும் எந்திரிக்கல. எட்டிப் பாத்தேன். ஒரு கட்டத்துல தலைப்பெழுத்து, அடுத்ததுல பேரு, அதுக்கடுத்து ஊரு. மூணையும் ஒண்ணாச் சேக்கணும்னு ஒவ்வொரு வரியாத் திரும்பத் தட்டிக்கிட்டிருக்க. விரலுக்கு நல்ல வேலை. படிச்ச படிப்புக்குத்தான் லீவு.

நாலாவது கட்டத்துல =ஏ2&பி2&சி2ன்னு போடு. முறுக்கிக்கிட்டு நிக்கிற அந்த & தான் ஒட்டுற ஆளு. என்ன, ‘மு.கருப்பையாமேலூர்’னு வந்துருச்சா? அவன் கல்யாணத் தரகர் மாதிரிய்யா. சேத்து வைக்கிறதோட சரி, நடுவுல இடம் விடுறது உன் பாடு. =ஏ2&" "&பி2&", "&சி2ன்னு இடைவெளியையும் கமாவையும் நீதான் எடுத்துக் குடுக்கணும்.

கன்காட்டினேட்னு ஒண்ணு இருக்கு. அதுவும் இதே வேலைதான், பேருதான் பெத்த பேரு. 2019 எக்ஸெல்ல இருக்கிற டெக்ஸ்ட்ஜாய்ன் விவரமானது. நடுவுல என்ன போடணும்னு ஒரு தரம் சொன்னாப் போதும். ரெண்டாவதா ட்ரூன்னு குடுத்துட்டா, வெத்துக் கட்டத்தைத் தாண்டிப் போயிரும்.

அதென்ன, தேதியை ஒட்டுன இடத்துல 45690ன்னு நிக்கிது? யாரு வச்ச மொய்யின்னு தேடாதே. 1900 ஜனவரி 1ஐ ஒண்ணுன்னு வச்சு எண்ணிக்கிட்டே வர்ற கணக்கு அது. 2025 பிப்ரவரி 2, உங்கக்கா கல்யாண நாளு! டெக்ஸ்ட் ஃபங்ஷன்ல போட்டு, எந்த வடிவத்துல வேணும்னு சொன்னாத்தான் தேதியா முகங்காட்டும்.

ஒட்டியாச்சுன்னு பழைய கட்டங்களை உடனே அழிச்சுப்புடாதே. முதல்ல காப்பி எடுத்து, பேஸ்ட் ஸ்பெஷல்ல வேல்யூஸாப் போடு. இல்லாட்டி மொய் வச்ச அத்தனை பேரும் ‘#ரெஃப்!’னு ஒரே பேருக்காரங்களா ஆயிருவாக.

ரொம்ப அழகா 501க்கு முன்னால ‘ரூ.’ன்னு ஒட்டி வச்சிருக்க பாரு, அங்கதான் உன் சாமர்த்தியம் தெரியுது. கீழ சம் போட்டுப் பாரு. சைபர்! ஒட்டுன மறுநிமிஷம் அது எண்ணு இல்லய்யா, எழுத்து. சம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. பேரை ஒட்டு, ஊரை ஒட்டு, துட்டைத் தனிக் கட்டத்துல விட்டுவையி. நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துல திருப்பிச் செய்யிறப்ப, “எக்ஸெல்ல சைபர்னுதான் இருக்கு”ன்னு சொல்லிப் பாரு. பந்தியில உக்கார விடுறாகளான்னு பாப்போம்!