தஞ்சாவூர்த் தூக்கத்துக்குப் புவிசார் குறியீடு கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சுருட்டி வந்த மெத்தைக்கும் குழி விழுந்த மெத்தைக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத் தலைவர்,
ஒரத்தநாடு பக்கம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
புவிசார் குறியீட்டுப் பதிவகம், கிண்டி, சென்னை.

பொருள்: தூக்கம். தஞ்சாவூர் வகை. பதிவு செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஜில்லாவுக்குத் தாங்கள் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஓவியத்துக்குக் குறியீடு கொடுத்தீர்கள். தலையாட்டி பொம்மைக்குக் கொடுத்தீர்கள். 2013-ல் வீணை, 2019-ல் திருபுவனம் பட்டு, 2020-ல் நெட்டி வேலை, 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகசுரம், 2025-ல் கும்பகோணம் வெற்றிலை. பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பட்டு, மேளத்துக்கு நாகசுரம், பந்தி முடிந்ததும் வெற்றிலை, அதை மென்றுகொண்டே கேட்க வீணையில் ஒரு நீலாம்பரி. இதெல்லாம் ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? போகிற பாதைக்கெல்லாம் கல் நட்டுவிட்டு, போய்ச் சேரும் ஊருக்குப் பெயர்ப்பலகை வைக்காமல் விட்டுவிட்டீர்கள்.

இதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் பெங்களூரிலிருந்து என் பையன் ஒரு பெட்டி அனுப்பினான். அதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. தங்கள் படிவத்தின் வரிசைப்படியே எழுதியிருக்கிறேன்.

1. விண்ணப்பதாரர்

தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது, சங்கமாகச் சேர்ந்து வா என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். எங்களிடம் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. அறுப்பு முடிந்த மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு எங்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு வந்தால் பொதுக்குழு நடந்துகொண்டிருக்கும். துண்டு விரித்து வரிசையாகப் படுத்திருப்போம். இதுவரை எந்தத் தீர்மானத்துக்கும் எதிர்ப்பு எழுந்ததில்லை. யாரும் எழுந்ததில்லை.

2019-ல் பெங்களூரின் வேக்ஃபிட் மெத்தைக் கம்பெனி, நூறு ராத்திரி, ராத்திரிக்கு ஒன்பது மணி நேரம் தூங்குகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் மண்டபத்துக்கு வரவேண்டிய பாக்கி மாநில பட்ஜெட்டைத் தொடும். நாங்கள் கேட்கவில்லை. பழகிய தொழிலுக்குக் கூலி கேட்பது மரியாதையில்லை.

2. வகுப்பு

பொருளை வகுப்புப் பிரித்துக் காட்டச் சொல்கிறீர்கள். பார்த்தேன். மெத்தை 20-ஆம் வகுப்பு. உள்ளே அடைக்கும் பஞ்சு 22. மேலே தைக்கும் துணி 24. கீழே விரிக்கும் பாய் 27. இத்தனைக்கும் மூலகாரணமான அரிசி 30. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வதற்குள் ஐந்து வகுப்பு. எங்கள் அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். அவர் தூங்கியதைப் போல இந்த வட்டாரத்தில் யாரும் தூங்கியதில்லை.

3. வரலாற்றுச் சான்று

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆரம்பித்து ஸ்ரீரங்கம், கோவிலடி, கும்பகோணம், மயிலாடுதுறை இந்தளூர் என்று காவிரி போகும் வழியில் ஐந்து இடத்தில் பெருமாள் படுத்துக்கொண்டிருக்கிறார். பஞ்சரங்கம் என்று பெயர். வேறு எந்த நதிக்கரையில் கடவுளே இத்தனை தடவை படுத்திருக்கிறார், சொல்லுங்கள். கும்பகோணத்தில் மட்டும் சாரங்கபாணி லேசாகத் தலையைத் தூக்கிய கோலம். ஜூன் 12 வந்துவிட்டதே, மேட்டூரைத் திறந்தார்களா என்று பார்ப்பதாக நான் நினைத்துக்கொள்வேன்.

அவர் படுத்திருப்பது ஆதிசேஷன் மேல். சுருண்டு வந்து, விரிந்து, படுப்பவரின் உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுத்த முதல் மெத்தை அதுதான். ஆகவே பெட்டியில் சுருட்டி அனுப்பும் முறை அமெரிக்காவில் பிறந்தது என்று யாராவது தங்களிடம் வந்தால் வாசலோடு அனுப்பிவிடவும். ஐந்து அடுக்கு மெத்தை என்று விளம்பரம் செய்தாலும் மயங்கவேண்டாம். செம்பஞ்சு, வெண்பஞ்சு, இலவம்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்று ஐந்தால் ஆன படுக்கைக்குப் பஞ்சசயனம் என்று நம் ஆட்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

4. செய்முறை

இங்கே இரண்டு செய்முறை இருக்கிறது. இரண்டையும் இந்த ஒரே மாதத்தில் என் வீட்டில் பார்த்தேன்.

முதலாவது: பெட்டி. லாரி எங்கள் தெருவுக்குள் நுழையாது என்பதால் மெயின் ரோடு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இடுப்பளவு உயரம். ஆறடிக்கு ஆறரை அடி மெத்தை இதற்குள் இருக்கிறது என்றதும் டீக்கடைக்காரர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தோம். புஸ்ஸென்று ஒரு மூச்சு. அப்புறம் அது தன்பாட்டுக்கு எழ ஆரம்பித்தது. உளுந்துமாவு பொங்குகிற மாதிரி, ஆனால் உளுந்து வாசனை இல்லை. புது செருப்புக்கடை வாசனை. முழுசாக எழ ஒருநாள், இரண்டுநாள் ஆகும், அதுவரை படுக்காதே என்று காகிதம் சொன்னது. மெத்தையைத் தூங்கவிட்டு நாங்கள் விழித்திருந்தோம்.

உள்ளே இருப்பது மெமரி ஃபோம் என்னும் நுரை. 1966-ல் நாசாவின் ஆய்வில், விமான இருக்கைக்காகக் கண்டுபிடித்தது. உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். சித்திரை மாதத் தஞ்சாவூரில் அது இளகுவதற்கு உடம்பே தேவையில்லை என்பதை நாசாவுக்கு யாராவது தெரிவித்தால் நல்லது.

இரண்டாவது: பஞ்சு. 1991-ல் என் கல்யாணத்துக்குக் கட்டில், பீரோவோடு சீராக வந்த இரட்டை மெத்தை. பட்டுக்கோட்டையில் மாமனார் வீட்டுக் கொல்லையில் நின்ற இலவமரத்துப் பஞ்சு. கிளி காத்து ஏமாந்ததோ என்னவோ, மாமியார் காத்து ஏமாறவில்லை. காய் வெடிக்கும் முன்பே பறித்து, வெயிலில் காயவைத்து, கொட்டை நீக்கிச் சாக்கில் கட்டிவிடுவார். அந்த மரம் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயலில் சாய்ந்தது. மெத்தையும் அதற்குப் பிறகு சரிய ஆரம்பித்தது. என் பக்கம் ஒரு குழி, அவள் பக்கம் ஒரு குழி, நடுவில் கல்லணை.

டி.வி.எஸ். வண்டியில் துணிமூட்டையோடு வருகிற மெத்தைக்காரரை நிறுத்தினேன். எங்கள் பக்கம் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் தைப்பது மெத்தை. மெத்தையில் படுக்க முடியாதவன் தேடுவது பாய். தமிழ் எங்களை இப்படிக் குழப்பி வைத்திருக்கிறது.

அவர் மெத்தையைத் திண்ணையில் போட்டு, ஓரத் தையலைப் பிரித்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டார். வைத்தியர் வயிற்றைப் பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் துழாவினார். "பஞ்சு நல்ல பஞ்சுண்ணே. கட்டி தட்டிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு குச்சியால் அடித்து உதறினார். கட்டியெல்லாம் விட்டு, குவியல் மூன்று மடங்கு பெருத்தது. தெருவே தும்மியது. இலவநாரின் உள்ளே பெரும்பாகம் வெறும் காற்று. மேலே மெழுகு பூசின மாதிரி வழவழப்பு, தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டையில் இதைத்தான் அடைத்தார்கள். மூழ்குகிறவனைத் தூக்கிப் பிடித்த பொருள், தூங்குகிறவனையும் தூக்கிப் பிடிக்கும் என்பது எங்கள் வாதம்.

5. தனித்தன்மை

நுரை மெத்தையில் கையை அழுத்தி எடுத்தேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது. எண்ணி முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. இதற்குப் பெயர் மெமரி! என்னை ஐந்து நொடியில் மறக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதுதான் சிறப்பு என்றால், எங்கள் தலையாட்டி பொம்மைக்கு அந்தக் குறியீட்டைத் தாங்கள் எப்போதோ கொடுத்துவிட்டீர்கள்.

பாய் உதறிய பஞ்சுக் குவியலிலிருந்து திண்ணையில் டிங்கென்று ஏதோ விழுந்தது. திருகாணி. கம்மல் திருகாணி. தையல் விட்ட எந்த ஓட்டை வழியாக எந்த வருஷம் உள்ளே போனதோ. மனைவி எடுத்துப் பார்த்தாள். "சின்னவ பொறந்தப்ப தொலைஞ்சது. நாத்தனார் எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். இருபத்தெட்டு வருஷச் சந்தேகம். என் தங்கைக்கு அன்று சாயங்காலமே காரணம் சொல்லாமல் ஒரு போன் போயிற்று. அரைமணி நேரம் பேசினார்கள். இந்த வேலையை நாசா செய்யுமா?

6. ஆட்சேபணை

விண்ணப்பம் தங்கள் பத்திரிகையில் வந்தபின் ஆட்சேபணைக்கு மூன்று மாதம் தருவீர்களாம். என் வீட்டில் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டது. மறைக்காமல் தருகிறேன்.

"என்னங்க, பஞ்சுமெத்தையப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுறீங்களே, முப்பது வருஷமா மாடிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? வெயில்ல திருப்பித் திருப்பிப் போட்டது யாரு? தூறல் விழுந்தப்ப ஓடுனது யாரு? நீங்க படுத்தீங்க. அவ்வளவுதானே?"

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு நாள் ஆகிறது. அவளுக்கு இடுப்புவலி. நுரைமெத்தையில் படுத்த மறுநாள் கையை ஊன்றாமல் எழுந்தாள். பெட்டி மெத்தையை வெயிலில் போடவேண்டாம், அடிக்கவேண்டாம், உதறவேண்டாம். பழமையைப் புகழ்கிறவன் பெரும்பாலும் பழமையைச் சுமக்காதவன் என்பதை இந்தப் பத்தியில் பதிவு செய்கிறேன்.

7. கோரிக்கை

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நுரை மெத்தைக்குப் பத்து வருஷம் உத்தரவாதம். தங்கள் பதிவும் பத்து வருஷம்தான். ஆனால் தங்கள் பதிவைப் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். இந்த மெத்தை பத்தாவது வருஷம் குழி விழுந்தால் யாரிடம் போவது? பிரிக்கத் தையல் இல்லை, கை விட வழி இல்லை, அடித்தால் உதிரும். மறுபடி சுருட்டிப் பெட்டிக்குள் போடவும் முடியாது. பெட்டியிலிருந்து வெளியே வர மட்டும்தான் அதற்குத் தெரியும். வடவாற்றங்கரையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அங்கே மட்டும் அது மறக்காமல் கிடக்கும்.

பாய் என்ன செய்தார் தெரியுமா? சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் சாண் நீள ஊசியால் குத்திக் குத்தி, பழைய இரட்டை மெத்தையை ஒற்றை மெத்தையாக்கி, மிச்சப் பஞ்சில் மூன்று தலகாணி தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். புதுசாக வாங்கியது கோடுபோட்ட துணி மட்டும். இப்போது ஒற்றை மெத்தையில் நான். மாடிக்குத் தூக்கும் பொறுப்பும் எனக்கே என்று வீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நுரை மெத்தையில் அவள். தலைக்கு மட்டும் அம்மா வீட்டுப் பஞ்சு. தலகாணியையும் பெட்டியில் வாங்கலாமே என்றேன். முறைத்தாள்.

ஆகவே ஐயா, எந்த மெத்தை உசத்தி என்று தீர்ப்புக் கேட்கவில்லை. தங்கள் படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது. செய்முறை கேட்கிறீர்கள், பிரித்துத் திரும்பச் செய்யும் முறையைக் கேட்பதில்லை. அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிட்டு, அதில் முதல் பதிவாக, எங்கள் தெருவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்து, இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த டி.வி.எஸ். வண்டியின் சத்தத்தைப் போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

8. ஆய்வு

ஆய்வுக் குழுவை அனுப்புவதாக இருந்தால் பகல் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லவும். சாதம், வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், மோர். பிறகு கும்பகோணம் வெற்றிலை, தங்கள் பதிவு பெற்றது. ஆய்வு அதற்கப்புறம் தானாக நடக்கும். அறிக்கையை எழுந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் விழித்திருக்கும் ஒரே உறுப்பினர்.

இணைப்பு: இலவம்பஞ்சு, மாதிரிக்கு ஒரு பிடி. மின்விசிறியை நிறுத்திவிட்டு உறையைப் பிரிக்கவும்.