பொறுமைக்கு ஒரு பாராட்டுரை

எண்ணெய்க் கிணறுகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஆளும் பெருந்தகைகளே, அவர்களுக்கு அனுமதி தரும் ஆட்சியாளர்களே! திருவண்ணாமலைப் பக்கம் கீழ்பென்னாத்தூர் மானாவாரியில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை போடுகிறவர்கள் சார்பில் உங்களுக்கு இந்தப் பாராட்டுரை.

முதலில் உங்கள் பொறுமை. கரியமில வாயு அடைத்த கண்ணாடி உருளை வெயிலில் அதிகம் சூடேறுவதை 1856-லேயே யூனிஸ் ஃபுட் என்ற அம்மையார் காட்டினார். நீங்கள் அவசரப்படவில்லை. அந்த வாயு இரட்டித்தால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று 1896-ல் அர்ரீனியஸ் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டார். பதறவில்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது, காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அசையவில்லை.

அடுத்து, எங்கள் தமிழருக்கு நீங்கள் செய்த மரியாதை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டிகளின் வாயு ஏன் கசிகிறது என்று பார்க்கும் வேலையில் இருந்தவர். அந்த வகை வாயுக்கள் பூமியையும் சூடேற்றும் என்று 1975-ல் நிறுவினார். புவி சூடாவது 2000-க்குள் அளவைகளில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று 1980-ல் மேடன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து எழுதினார். அவர் சொல் பொய்க்காதபடி பார்த்துக்கொண்டீர்கள்.

உங்கள் அடக்கமும் பெரிது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் போட்ட வெப்பக் கணிப்புகளில் பெரும்பாலானவை பலித்தன என்று 2023-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வு வந்தது. அத்தனை அறிவையும் உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே சந்தேகத்தை மட்டும் பேசினீர்கள்.

கொடையிலும் குறையில்லை. அமெரிக்காவில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. இந்தியாவில் 2 டன். லாபத்தை உங்களுக்கென்று வைத்துக்கொண்டாலும் புகையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டீர்கள்.

எங்களுக்குத்தான் இந்தக் குணங்கள் வாய்க்கவில்லை. மல்லாட்டை பூத்ததும், காய் பிடிக்கும் விழுது பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். அப்போது ஈரம் இல்லாமல் செம்மண் இறுகிக் கிடந்தால் விழுது காய்ந்துபோகும், காய் பிடிக்காது. பறிக்கும் நேரத்தில் மழை கொட்டினால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மண்ணின் ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சும்; வறட்சியும் கடுமை, கொட்டினால் பெருமழை. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மாண்டார்கள், ஐவர் குழந்தைகள். அந்த வீட்டாருக்கு உங்களைப்போல் காத்திருக்க நேரம் கிடைக்கவில்லை.

இவ்வளவு பொறுமை உள்ளவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அறிவியல் சொன்னதைக் கேட்பதில் காட்டிய அந்தப் பொறுமையை அடுத்த சுரங்கத்தைத் தோண்டுவதில் காட்டுங்கள்.