புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

என் அலமாரியிலுள்ள ரிவால்வர்களில் ஒன்றுகூட வெடிக்காது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெடிக்கிறதைக் கையில் கொடுத்தால் நானே ஓடிவிடுவேன். நான் பாரீசுக்கு வந்து சேர்ந்த புதுச்சேரிக்காரன். இங்கே 1900-க்கு முந்தைய மாடல் என்றால் பெரும்பாலும் லைசென்ஸ் கேட்பதில்லை. அந்தச் சலுகைதான் என்னைக் கெடுத்தது.

முதலில் வாங்கியது ஒரு வெலோடாக். 1890-களில் பிரான்சில் சைக்கிள் மோகம் தலைக்கேறியிருந்தபோது, துரத்தி வரும் நாய்களை விரட்டுவதற்கென்றே வந்த குட்டித் துப்பாக்கி. பையில் மாட்டிக்கொள்ளாதபடி அதன் விசை மடங்கிக்கொள்ளும். நாயைக் கொல்ல மனம் வராதவர்களுக்கு மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாவும் கிடைத்ததாம். எனக்கு நாய் என்றால் கிலி; சைக்கிளும் ஓட்டத் தெரியாது. இந்த இரண்டையும் கடைக்காரரிடம் ஆர்வமாகச் சொல்லி முடித்த பிறகுதான் பேரம் பேசினேன். அவர் ஒரு யூரோகூடக் குறைக்கவில்லை.

அடுத்தது லெஃபோஷே. தோட்டாவின் விலாவில் ஆணி போல ஒரு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் குதிரை, அதாவது சுத்தியல், மேலிருந்து அந்த ஊசியின் தலையில் அடித்தால் வெடிக்கும். பிரெஞ்சுக் கடற்படையே 1858-இல் இந்த வகையை ஏற்றுக்கொண்டது. 1873-இல் பிரஸ்ஸல்ஸில் கவிஞர் வெர்லேன் தன் நண்பர் ரம்போவைச் சுட்டதும் இப்படி ஒன்றால்தான். விற்றவர் வெர்லேன் பெயரை லேசாக எடுத்துவிட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மேலெல்லாம் துரு. ஊரில் அம்மா குத்துவிளக்குத் துலக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன செய்வேன்? புளியைக் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “ஏங்க, அது நான் நேத்துதான் வாங்கின நாரு” என்று மனைவி கத்தியது காதில் விழவில்லை. உருளை பளபளத்தது. பளபளப்பில் ஒரு சின்ன முத்திரையும் தெரிந்தது: முட்டை வடிவ வளையம், உள்ளே ஈ, எல், ஜி என மூன்று எழுத்துகள், தலையில் ஒரு கிரீடம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் துப்பாக்கிகளைச் சோதித்துக் குத்துகிற முத்திரை அது. கிரீடம் சேர்ந்தது 1893-இல். வெர்லேன் சுட்டு இருபது வருஷம் கழித்துப் பிறந்த பெல்ஜியக் காப்பிக்குத்தான் நான் அபிஷேகம் செய்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். காப்பி என்பதைக்கூட மன்னித்துவிட்டார். நூற்றாண்டுக் கறுப்பு மெருகைச் சுரண்டி எறிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ‘இனி இதைக் காகிதத்தின் மேல் கனத்துக்கு வைக்கலாம்’ என்றார்.

துருவின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் லெஃபோஷே 2019-இல் பாரீசில் ஏலத்துக்கு வந்தது. ஓவேர் கிராமத்து வயலில் பல்லாண்டு மண்ணில் கிடந்து, இரும்பா துருவா என்று பிரிக்க முடியாமல் ஆகிப்போன பொருள். 1,62,500 யூரோவுக்குப் போனது. படத்தைப் பார்த்த மனைவி கம்பி நாரை எடுத்து ஒளித்து வைத்தாள்.

பிறகு லெமா மேல் ஆசை வந்தது. நியூ ஆர்லியன்ஸில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் லெமா 1856-இல் காப்புரிமை வாங்கியது. உருளையில் ஒன்பது அறைகள். அது சுழலும் அச்சே இன்னொரு குழல், அதற்குள் பால்ரஸ் குண்டு. குதிரையின் மூக்கிலுள்ள சிறு நாக்கை மடக்கினால் அந்தக் குழல் வெடிக்கும். உயிர் காக்கப் படித்தவருக்கு ஒன்பது போதவில்லை. அசலின் விலையைக் கேட்டுவிட்டு, இத்தாலியில் செய்த நகல் ஒன்றை வாங்கி வைத்தேன்.

போன பொங்கலுக்கு வந்த நண்பருக்கு அந்த லெமாவைக் காட்டி, அதன் கதையை அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பையன் குழலை உற்றுப் பார்த்து, “மாமா, இதுல இத்தாலின்னு போட்டிருக்கே” என்றான்.

“போர் முடிஞ்சதும் அங்கே போயிடுச்சுப்பா” என்றேன்.

பையன் நம்பவில்லை. அவன் அப்பா நம்பிவிட்டார். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன், அசலின் விலையை.