ராஸ்காஸ் வளைவும் ரத வீதி முக்கும்

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா 4 கார்கள் இரவு விளக்கொளியில் ஓடின. வழியெங்கும் நிறுத்திய கான்கிரீட் தடுப்புகளைக் கழற்றி எடுத்துப் போன பிறகும், கழற்ற முடியாமல் நின்றுவிட்டது ஒரு வாதம். இடுக்கான தெருவில் நடக்கும் ரேஸில் ஓவர்டேக் குதிரைக் கொம்பாக இருக்கிறதே, முந்த முடியாத பந்தயம் ஒரு பந்தயமா என்பதே அது. முந்தினால்தான் ரேஸ் என்போரை முந்துவாதிகள் என்றும், சுவரில் உரசாமல் வந்ததே பெரிது என்போரை நிரல்வாதிகள் என்றும் இக்கட்டுரை வசதிக்காக அழைக்கும். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்து, மாற்றார் கொள்கையை முதலில் மறுத்துவிட்டுத் தம் கொள்கையைப் பிறகு சொன்னார். நமக்கு அத்தனை பொறுமை கிடையாது. ஆகவே கொள்கையை முதலிலேயே வைத்துவிடுவோம்: தெருப்பந்தயம் தேரோட்டத்தின் ஒரு கிளை. இது தெரியாததால்தான் இரு கட்சியாரும் தொண்டை வற்றுகிறார்கள்.

இதை மேலகரத்திலிருந்து சொல்ல நமக்கு என்ன தகுதி என்ற கேள்வி எழும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் இவ்வூர், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அந்நூலில் குற்றாலநாதர் பவனி வருகிறார். பெண்கள் கூட்டம் பார்க்க ஓடி வருகிறது. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்த்து மையல் கொள்கிறாள். பிறகு குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். பவனியின் வேகம் என்ன, எந்த முக்கில் யாரை முந்தினார் என்று கவிராயர் கணக்கு வைக்கவில்லை. கவிராயர் மட்டுமல்ல, உலா என்னும் சிற்றிலக்கிய வகை முழுவதுமே அப்படித்தான். அது ஊர்வலத்தை வகைப்படுத்தாமல் காண்போரை வகைப்படுத்துகிறது. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தார், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தவிப்பு. உலக இலக்கியத்தில் ரசிகரைப் பற்றி இவ்வளவு முறையான ஆராய்ச்சி வேறெங்கும் நடந்ததாகத் தோன்றவில்லை. இன்றைய ரேஸ் ரசிகருக்கும் அது அப்படியே பொருந்தும். கார் என்ன நிறம் என்று கேட்பவர் பேதை. மழை வந்தால் எந்த டயர் என்று இரவெல்லாம் தூங்காதவர் பேரிளம்பெண். இடைப்பட்ட ஐந்தை வாசகர் தம் நண்பர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். சனிக்கிழமை குவாலிஃபையிங் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வெற்றியைச் சொல்லிவிடும் நிபுணர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. குறத்திக்காவது ஒரு கை தேவைப்பட்டது.

இனிச் சான்றுகள். சென்னைத் தடம் 3.5 கிலோமீட்டர், 19 திருப்பங்கள். தெருப்பந்தயங்களின் தாய்க்கோயிலான மொனாக்கோ 3.337 கிலோமீட்டர், அங்கும் 19 திருப்பங்கள். இந்த ஒற்றுமை தற்செயல் என்று சிலர் சொல்வர். போலி ஆய்வில் தற்செயலுக்கு இடமில்லை. தேர் வலம் வரும் நான்கு வீதிகளுக்கு முக்கு நான்குதான், மீதிப் பதினைந்து எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு முக்கிலும் தேரைத் திருப்ப எத்தனை முறை இழுத்து, நிறுத்தி, முட்டுக்கட்டை போட்டு, மறுபடி இழுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும். அகலத்தையும் கவனிக்க வேண்டும். ஃபார்முலா 1 காரின் அகலம் 2017-இல் 1.8 மீட்டரிலிருந்து 2 மீட்டராக ஆனது. மொனாக்கோவில் முதல் பந்தயம் நடந்தது 1929-இல். நவீன பூகாட்டிக்கு முப்பாட்டனான ஒரு பூகாட்டியில் வில்லியம் குரோவர் வில்லியம்ஸ் ஜெயித்தார். அன்றைக்கு இன்று கார் பெருத்துவிட்டது, தெரு அப்படியே இருக்கிறது. தேர் பெரிதாகச் செய்துவிட்டுத் தெருவைப் பார்க்கும் வழக்கம் நமக்கும் புதிதில்லை.

முந்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு 2010 மொனாக்கோ ஒன்றே போதும். ராஸ்காஸ் என்ற இடுக்கு வளைவில், சென்னைக்காரரான கருண் சந்தோக்கின் காரை முந்தப் பார்த்தார் யார்னோ ட்ருல்லி. அவருடைய கார் சந்தோக்கின் கார் மேலேயே ஏறி நின்றது. இருவருக்கும் அத்தோடு பந்தயம் முடிந்தது. அதே நாள், அதே வளைவு, கடைசிச் சுற்று: இந்த விபத்துக்காக வந்த சேஃப்டி கார் உள்ளே திரும்பியதும் மைக்கேல் ஷூமாக்கர் ஃபெர்னாண்டோ அலோன்சோவை அழகாக முந்தினார். முந்தியதற்குப் பரிசாக 20 விநாடி தண்டனை கிடைத்து, ஆறாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்குப் போனார். ஒரு முந்தல் மேலே ஏறியது, மற்றொரு முந்தல் கீழே இறங்கியது. நேராகப் போன முந்தல் அந்த வளைவில் அன்று இல்லை. முந்துவாதிகள் மறுக்க முடியாத இன்னொன்றும் உண்டு. மொனாக்கோவில் அவர்களே இன்றும் நெக்குருகிப் பேசுவது 1992-இன் கடைசிச் சில சுற்றுகளைத்தான். புது டயரோடு பறந்து வந்த நைஜல் மான்சல், தேய்ந்த டயரோடு ஓடிய அயர்டன் சென்னாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடிப் பார்த்தார், முந்தவில்லை. முந்தல் நடக்காததே அதன் சுவை. முந்தியிருந்தால் ஒரு வரிச் செய்தி.

2024-இல் மொனாக்கோ தன் இயல்பை ஒளிக்காமல் காட்டிவிட்டது. முதல் சுற்றிலேயே விபத்து, சிவப்புக் கொடி, டயர் மாற்றம்; அதற்குப் பிறகு 78 சுற்று முடியும் வரை முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். முதலாவதாக வந்த ஷார்ல் லெக்லெர்க் அந்த ஊர்ப் பிள்ளை. இதைக் கேட்ட மாத்திரத்தில் திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நினைவுக்கு வர வேண்டும். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசர் என்று வரிசை. அம்மன் தேர் சுவாமி தேரை முந்தவில்லையே என்று வருந்தி வீடு திரும்பியவர் எவருமில்லை. லெக்லெர்க்கின் ஊரில் மட்டும் வருந்தினார்கள், விதியையும் மாற்றினார்கள். 2025-இல் ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று செட் டயர் போட்டாக வேண்டும் என்று ஆணை வந்தது. அதாவது இரண்டு பிட் ஸ்டாப் கட்டாயம். நம் வழக்கில் சொன்னால், இரண்டு மண்டகப்படி கட்டாயம்.

மண்டகப்படி கூடினால் தேர் வேகமாகப் போகாது என்பதை இங்குள்ள எந்தச் சிறுவனும் சொல்லியிருப்பான். நடந்ததும் அதுவே. தன் அணிக்காரர் நின்று வர இடைவெளி வேண்டுமென்று, ரேசிங் புல்ஸ் அணியின் லியம் லாசன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்த கூட்டத்தை அடைத்து நின்றார். வில்லியம்ஸ் அணியும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பொறுக்க முடியாத ஜார்ஜ் ரஸ்ஸல் சிக்கேனைக் குறுக்கே வெட்டி முந்திப் போய் அதற்குத் தண்டனையும் வாங்கினார். பத்திரிகைகள் இதை உத்தி என்று எழுதின. தேருக்கு முன்னே குனிந்து நின்று சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்துத் தேரை அடக்கும் தொழில் நம்மூரில் மிகப் பழையது, உயிருக்கு ஆபத்தானது, மதிப்புக்குரியது. லாசன் செய்தது அதைத்தான், உட்கார்ந்துகொண்டு.

இனி மறுப்புகள். முதலாவது வலுவானது: பந்தயம் என்ற சொல்லே முந்துவதற்குத்தானே, நம் தென்மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் முந்துகிறார்களே? முந்துகிறார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, சாரதிகள் கூவிக்கொண்டு, எல்லை வரை போய்த் திரும்புவதற்குள் நிலைமை நாலு தரம் மாறும். ஆனால் எங்கே விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே, நீண்ட சாலையில். தென்காசியில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் பூஞ்சிட்டு விட அனுமதி கேட்டு யாரும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. எந்த வண்டிக்கு எந்தச் சாலை என்ற தெளிவு மாட்டுக்காரருக்கு இருக்கிறது. இந்த மறுப்பு ஆகவே நம் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. பாகூ நகரத் தெருவில் முந்துகிறார்களே என்பார்கள் அடுத்தபடியாக. கோட்டைச் சுவரோரம் 7.6 மீட்டர் அகலத்துக்கு ஒடுங்கும் தடம்தான் அது. அங்கே யாரும் முந்துவதில்லை, முந்துவது 2.2 கிலோமீட்டர் நேர்சாலையில். அந்த நேர்சாலை தெருவே இல்லை, தெரு வேடம் போட்ட நெடுஞ்சாலை. சீசன் நாளில் மேலகரம் வழியாகக் குற்றாலம் போகும் வேன்கள் ஒன்றையொன்று முந்தத்தான் செய்கின்றன. முந்திப் போய் அருவிக் கூட்டத்தின் வாலில் நிற்கின்றன.

இரண்டாவது மறுப்பு வேகம். தேர் ஊர்கிறது, கார் பறக்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும்? மொனாக்கோவின் ஹேர்பின் திருப்பத்தில் ஃபார்முலா 1 கார் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகிறது. டவுன் பஸ் ஓட்டுநர் அந்த வேகத்துக்குக் கூச மாட்டார். தேரும் முன்னைப்போல் இல்லை. 96 அடி உயரமான திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். இடைவெளி இரு பக்கமிருந்தும் குறைந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும். தேரோட்டத்தில் இழுப்பதற்கு ஊரே வேண்டும், ரேஸுக்கு ஒருவர் போதுமே என்பாரும் உளர். சென்னையில் அந்த ஒருவர் ஓடுவதற்கு என்னென்ன வேண்டியிருந்தது என்று அவர்கள் மறந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது; அண்ணா சாலை, சிவானந்தா சாலை, கொடிமரச் சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் கைமாறின; உயர் நீதிமன்றத்தில் வழக்கு; கடைசி நேரத்தில் மழை பெய்து, சர்வதேச மோட்டார் சங்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தாமதமாகி, நீதிமன்றத்திடம் கூடுதல் நேரம் வாங்க வேண்டியிருந்தது. 2024 ஜூனில் நெல்லையப்பர் தேரின் வடம் திரும்பத் திரும்ப அறுந்து, வேறு வடம் கொண்டுவந்து இழுத்தார்கள். இரண்டும் தாமதமாயின, இரண்டிலும் கூட்டம் கலையவில்லை. காத்துக்கிடந்த நேரத்தில் இரு கூட்டமும் பேசியது ஒரே பேச்சுத்தான்: போன தடவை இப்படியா நடந்தது?

பொதுச் சாலையை மூடி இத்தனை செலவில் இது தேவையா என்ற கேள்வி உண்மையான கேள்வி. அதற்கு விடை சொல்லும் அதிகாரம் ஓட்டுப் போடுவோருக்கு, போலி ஆய்வாளருக்கு இல்லை. எனினும் கேட்பவர்கள் ஓவர்டேக் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காமல் கேட்பது நல்லது. நிரல்வாதிகளுக்கும் ஒரு சொல். சுவரில் உரசாமல் வந்தவனை மெச்சுவது சரி. ஆனால் மூன்றாவதாக வந்தவர் மூன்றாவதாகவே வந்ததில் தத்துவம் தேடி எங்கள் ஞாயிற்றுக்கிழமையை நீட்ட வேண்டாம். தேர் நிலைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகலாம்.

அடுத்த தெருப்பந்தயத்துக்கு முன்னால், வாதத்தில் ஊறிய இரு கட்சியாரையும் மார்கழித் திருவாதிரைத் திருவிழாவுக்குக் குற்றாலம் வரும்படி கேட்டுக்கொள்கிறோம். அங்கே ஓடுவது ஐந்து தேர். தென்காசியில் இறங்கி மேலகரம் வழியாக வரலாம். வழியில் யாரையும் முந்த வேண்டாம்.